விதைக்கு வழி சொன்னது யார்?

மார்பகப் புற்றுநோயால் இறந்துபோன 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார் ஸ்டீபன் பேஜெட். லண்டனில் அறுவை மருத்துவராக இருந்தவர். நோய் மார்பகத்தை விட்டு எந்தெந்த உறுப்புக்குப் போயிருக்கிறது என்பதுதான் அவருடைய கணக்கு. கல்லீரலில் கட்டி இருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலில் கட்டி இருந்தவர்களோ வெறும் 17 பேர். இரண்டுமே வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள், இரண்டுக்கும் ரத்தம் தாராளமாகப் பாய்கிறது. ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகும் புற்றுநோய்ச் செல்கள் அகப்பட்ட இடத்தில் ஒதுங்குகின்றன என்றால், இத்தனை பெரிய வித்தியாசம் எப்படி வரும்?

1889இல் 'லான்செட்' இதழில் பேஜெட் தன் விடையை எழுதினார். செடி விதை விடும்போது விதை எல்லாத் திசையிலும் போகிறது, ஆனால் தகுந்த மண்ணில் விழுந்ததுதான் முளைக்கிறது என்றார். இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் வியன்னாவின் கண் மருத்துவர் ஃபூக்ஸ் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார். விதையை மட்டும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், மண்ணையும் ஆராய வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதற்குப் பிறகு வெகுகாலம் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. 1920களில் நியூயார்க்கின் புகழ்பெற்ற நோயியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங் வேறொரு விளக்கம் தந்தார். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, ஆகவே குடல் புற்றுநோய் கல்லீரலில் இறங்குகிறது. மற்ற உறுப்புகளின் ரத்தம் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது, ஆகவே நுரையீரலில் இறங்குகிறது. எல்லாம் குழாய்களின் அமைப்பைப் பொறுத்தது, மண்ணும் வேண்டாம் விதையும் வேண்டாம் என்றார். இது எளிமையான விளக்கம். பாதிக்குமேல் உண்மையும்கூட. குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் போவதற்கு இன்றைக்கும் முதல் காரணமாக நாம் சொல்வது அந்த ரத்தக்குழாயைத்தான். ஆனால் மண்ணீரல் ஏன் தப்பித்தது என்ற பேஜெட்டின் கேள்விக்குக் குழாய்களில் விடை இல்லை.

அந்தக் கேள்வியை மறுபடி கையிலெடுத்தவர் அமெரிக்காவின் ஐசாயா ஃபிட்லர். மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களில் கதிரியக்க அடையாளம் ஏற்றி, எலியின் வால் ரத்தக்குழாயில் செலுத்தினார். 1970இல் வெளியான அந்தச் சோதனையின் முடிவு பலரையும் வியக்க வைத்தது. 24 மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு செல்கூட உயிரோடு எஞ்சவில்லை. புற்றுநோய் பரவுவது அத்தனை சுலபம் அல்ல. அது பெரும்பாலும் தோற்றுப்போகும் ஒரு முயற்சி. பத்து ஆண்டு கழித்து ஃபிட்லரும் இயன் ஹார்ட்டும் எலியின் தொடைத் தசைக்குள் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் விடப்பட்ட மெலனோமா செல்கள் தொடையில் ஒட்டிய நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் வளர்ந்தன. அதே தொடையில் இருந்த சிறுநீரகத் துண்டைத் தொடவில்லை. இடம் ஒன்றுதான், குழாய் ஒன்றுதான், உறுப்புதான் வேறு. பேஜெட் சொன்னது சரி.

ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகவில்லை. விதை எங்கும் விழுந்து சில இடத்தில் மட்டும் முளைக்கிறதா? அல்லது சில இடங்கள் அதைக் கூப்பிடவே செய்கின்றனவா? மருந்து தேடுபவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள். முளைப்பதைத் தடுப்பது ஒரு வேலை, கூப்பிடும் குரலை அடக்குவது வேறு வேலை. இந்தக் கேள்விக்கான விடை புற்றுநோய் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. சீழைப் பற்றி ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது.

விரலில் முள் ஏறினால் சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது, கவனிக்காமல் விட்டால் சீழ் கோத்துக்கொள்கிறது. சீழ் என்பது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் குவியல். உடம்பு முழுக்க ரத்தத்தோடு விரைந்துகொண்டிருந்த இந்த அணுக்களுக்கு, இறங்க வேண்டியது இந்த ஒரு விரலில்தான் என்று எப்படித் தெரிந்தது? 1987ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் யோஷிமுரா, மட்சுஷிமா, லெனார்ட் ஆகியோரும், சுவிட்சர்லாந்தின் பெர்னில் மார்கோ பாஜியோலினியின் குழுவும், இன்னும் சிலரும் தனித்தனியே ஒரு சின்னஞ்சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 72 அமினோ அமிலங்கள் கொண்ட அதற்கு இன்டர்லூக்கின்-8 என்று பெயர் வந்தது. அதன் வேலை நியூட்ரோஃபில்களை அழைப்பது.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் குடும்பம் பெருகிக்கொண்டே போனது. மனித உடம்பில் இத்தகைய புரதங்கள் ஏறத்தாழ 50 இருக்கின்றன. இவற்றுக்குக் கீமோகைன் என்று பெயர். இவற்றை உணரும் ஏற்பிகள் சுமார் 20. பெயர்கள் பார்ப்பதற்கு மிரட்டும், ஆனால் அவற்றில் ஒரு ஒழுங்கு உண்டு. சங்கிலியின் தொடக்கத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டு ஒட்டி நின்றால் 'சிசி'. இரண்டுக்கும் நடுவே வேறொன்று நின்றால் 'சிஎக்ஸ்சி'. அழைக்கும் புரதமென்றால் பின்னால் 'எல்', உணரும் ஏற்பியென்றால் 'ஆர்', அப்புறம் ஒரு வரிசை எண். இந்த அத்தியாயத்தில் மீண்டும் மீண்டும் வரப்போகும் ஜோடி சிஎக்ஸ்சிஎல்-12 என்ற புரதமும், அதை உணரும் சிஎக்ஸ்சிஆர்-4 என்ற ஏற்பியும்.

வேலை நடக்கும் விதம் இது. காயம்பட்ட திசு கீமோகைனைச் சுரக்கிறது. அது ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் சர்க்கரை இழைகளில் ஒட்டிக்கொள்வதால் ரத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போவதில்லை. சுவரை உரசி உருண்டு வரும் வெள்ளை அணுவின் ஏற்பியில் அது பட்டதும் அணு சட்டென்று நின்றுவிடுகிறது. தட்டையாகிறது. சுவர்ச் செல்களுக்கிடையே நுழைந்து வெளியே போகிறது. அதன்பிறகு கீமோகைன் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்கிறது. அணுவின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இருக்கும் செறிவு வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதமே இருந்தாலும் அதற்குத் திசை தெரிந்துவிடுகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளமுள்ள ஓர் உயிருக்கு இது எத்தனை நுட்பமான புலன்!

இதை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்க்கலாம். ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடிப்பாகம் மெல்லிய சவ்வு. சவ்வில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அகலமுள்ள துளைகள். கிண்ணத்துக்குள் செல்களை விட்டு, கீமோகைன் கலந்த திரவத்தில் கிண்ணத்தை இறக்கி இரவு முழுக்கக் கதகதப்பில் வைக்கிறார்கள். காலையில் சவ்வின் மேற்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு, அடிப்புறத்தை ஊதாச் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், துளை வழியே உடம்பை நெருக்கிக்கொண்டு கீழே வந்து சேர்ந்த செல்கள் ஊதாப் பொட்டுகளாகத் தெரியும். அவற்றை எண்ண வேண்டியதுதான். மேலேயும் கீழேயும் ஒரே அளவு கீமோகைன் வைத்தால் என்ன ஆகும்? செல்கள் அங்குமிங்கும் அலையும், ஆனால் கீழே வந்து சேர்பவை குறைந்துவிடும். செல்லுக்கு வேண்டியது கீமோகைன் மட்டுமல்ல, அதன் ஏற்றத்தாழ்வு.

இந்த எளிய கிண்ணம்தான் புற்றுநோயின் கதையைத் திருப்பியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் டிஎன்ஏஎக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் இருந்தது. அங்கே ஆல்பர்ட் ஸ்லாட்னிக் தலைமையில் அன்யா முல்லர், பெர்ன்ஹார்ட் ஹோமி முதலியோர் ஒரு நேரடியான கேள்வியைக் கேட்டார்கள். வெள்ளை அணுக்களுக்குரிய ஏற்பிகள் மார்பகப் புற்றுச்செல்களிலும் இருக்கின்றனவா? தெரிந்த ஏற்பிகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஆரோக்கியமான மார்பகச் செல்லில் மிகக் குறைவாக இருந்த சிஎக்ஸ்சிஆர்-4, சிசிஆர்-7 என்ற இரண்டு, புற்றுச்செல்லில் ஏராளமாக இருந்தன. அடுத்து, அவற்றை அழைக்கும் புரதங்கள் எந்த உறுப்பில் அதிகம் என்று பார்த்தார்கள். சிஎக்ஸ்சிஎல்-12 அதிகமாக இருந்த இடங்கள் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. மார்பகப் புற்றுநோயோடு ஒருநாள் பழகிய மருத்துவருக்கும் இந்தப் பட்டியல் தெரியும். அக்குளில் நெறி கட்டுவதும், முதுகெலும்பு வலிப்பதும், எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைப் புள்ளிகள் விழுவதும் இந்தப் பட்டியல்தான். 2001இல் 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. எலிகளுக்கு மனிதப் புற்றுச்செல்களைச் செலுத்தி, சிஎக்ஸ்சிஆர்-4ஐ மறைக்கும் ஆன்டிபாடியையும் கொடுத்தபோது நுரையீரலிலும் நிணநீர் முடிச்சிலும் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. மெலனோமா செல்களில் மட்டும் கூடுதலாக சிசிஆர்-10 என்ற ஏற்பி இருந்தது. அதை அழைக்கும் புரதம் தோலில் சுரப்பது. மெலனோமா தோலின் வேறு பகுதிகளுக்குப் பரவுவதற்கும் இதில் ஒரு காரணம் தெரிந்தது.

ஆக, மண் கூப்பிடுகிறது. கூப்பிடும் குரலைப் புற்றுநோய் உண்டாக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எலும்பு மஜ்ஜை எதற்காக சிஎக்ஸ்சிஎல்-12ஐச் சுரக்கிறது? ரத்தத்தை உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்களைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்வதற்காக. 1996இல் ஜப்பானில் நாகசாவாவும் கிஷிமோட்டோவும் அந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியபோது குட்டிகள் பிறக்கும் தறுவாயிலேயே இறந்தன. மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகவில்லை, இதயத்தின் நடுச்சுவரிலும் ஓட்டை. நாம் உயிரோடு இருப்பதே அந்த அழைப்பால்தான். புற்றுச்செல் அதைக் கேட்கும் காதை மட்டும் முளைக்கவைத்துக்கொள்கிறது. எப்படி என்பதற்கும் 2003இல் சுவிட்சர்லாந்தின் வில்ஹெல்ம் கிரெக் குழு ஒரு விடை தந்தது. கட்டி பெருக்கும்போது அதன் உட்பகுதிக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. ஆக்சிஜன் குறையும்போது செல்லுக்குள் விழித்துக்கொள்ளும் ஹிஃப் என்ற புரதம் சிஎக்ஸ்சிஆர்-4 மரபணுவை முடுக்கிவிடுகிறது. மூச்சுத் திணறும் செல்லுக்கு வெளியேறும் வழி காட்டப்படுகிறது.

அப்படியானால் அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். ஏற்பியை அடைக்கும் மருந்து அப்போதே கைவசம் இருந்தது. புற்றுநோய்க்காக அல்ல, எய்ட்ஸுக்காக.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் ரேகா ஆய்வுக்கழகத்தில் எரிக் டி கிளர்க்கின் குழு எச்ஐவிக்கு எதிரான பொருள்களைச் சலித்துக்கொண்டிருந்தது. சைக்ளம் என்ற வளைய வடிவ வேதிப்பொருளின் ஒரு தயாரிப்பு வைரஸை அடக்கியது. சுத்தமான சைக்ளத்தை வாங்கிச் சோதித்தால் ஒன்றும் நடக்கவில்லை. அடக்கியது அதில் கலந்திருந்த கசடு. இரண்டு சைக்ளம் வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு மூலக்கூறு அது. அதைத் திருத்தித் திருத்தி ஏஎம்டி-3100 என்ற மருந்தைச் செய்தார்கள். அது எங்கே போய் ஒட்டுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. எச்ஐவி நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று சிஎக்ஸ்சிஆர்-4 என்பது 1996இல் வெளியானது. மருந்து அந்த வாசலில்தான் போய் உட்காருகிறது.

ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு அந்த மருந்தை ஏற்றிப் பார்த்தபோது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சில மணி நேரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறியது. தொற்று இல்லை, காய்ச்சல் இல்லை, அணுக்கள் மட்டும் கூடியிருக்கின்றன. அவற்றில் ஸ்டெம் செல்களும் இருந்தன. மஜ்ஜை பிடித்துவைத்திருந்த பிடியை மருந்து தளர்த்திவிட்டிருந்தது. எச்ஐவி மருந்தாக அது தேறவில்லை. ஆனால் மைலோமா, லிம்ஃபோமா என்ற ரத்தப் புற்றுநோய்கள் வந்த நோயாளிகளுக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களை ரத்தத்தில் வரவழைத்துச் சேகரிக்க உதவும் மருந்தாக, பிளெரிக்சாஃபோர் என்ற பெயரில் 2008 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பெல்லாம் போதிய ஸ்டெம் செல் கிடைக்காமல் மாற்றுச் சிகிச்சையே கைவிடப்பட்ட பலருக்கு இது கதவைத் திறந்துவிட்டது. ஒரு பக்கவிளைவு இப்படி ஒரு சிகிச்சையானதை நினைக்கும்போதெல்லாம், அந்தத் தன்னார்வலர்களின் ரத்த அறிக்கையை 'ஏதோ பிழை' என்று தள்ளிவிடாமல் உற்றுப் பார்த்தவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது.

இதே மருந்து புற்றுநோய் எலும்புக்குப் போவதைத் தடுக்குமா? எலிகளில் பல முறை தடுத்திருக்கிறது. மனிதர்களில் அந்தக் கேள்வியைக் கேட்பதே கடினம் என்பதை விளக்க ஒரு கணக்கு போதும். மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட, வேறெங்கும் பரவியதாகத் தெரியாத 4,703 பெண்களின் எலும்பு மஜ்ஜையை முன்பு செய்த பல ஆய்வுகளிலிருந்து தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2005இல் வெளிவந்தது. ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் மஜ்ஜையில் புற்றுச்செல்கள் அப்போதே இருந்தன. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் தெரியாதவை, சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடினால் மட்டும் அகப்படுபவை. அதாவது நோயாளி முதன்முதலாக மருத்துவர் முன்னால் வந்து உட்காரும் நாளிலேயே, மூன்றில் ஒருவருக்குப் பயணம் முடிந்துவிட்டிருக்கிறது. எலியில் புற்றுச்செல்லையும் தடுக்கும் மருந்தையும் ஒரே சமயத்தில் கொடுக்கலாம். மனிதரில் அது முடியாது.

தவிர, பரவலைத் தடுக்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்றால் இன்னும் பரவாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்தைக் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். செலவு மிக அதிகம். எனவே புது மருந்துகள் ஏற்கெனவே நோய் எங்கும் பரவி, மற்ற மருந்துகள் கைவிட்டவர்களிடம்தான் முதலில் சோதிக்கப்படுகின்றன. கட்டி சுருங்கியதா என்று அளக்கிறார்கள். பயணத்தைத் தடுக்கும் மருந்தைப் பயணம் முடிந்தவரிடம் கொடுத்து, 'பலனில்லை' என்று எழுதிவிடுகிறோம். இத்துறையின் தோல்விகளில் சிலவற்றுக்கு மருந்து மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். ரெப்பாரிக்சின் என்ற மருந்து சிஎக்ஸ்சிஆர்-1, 2 என்ற ஏற்பிகளை அடைப்பது. ஏற்கெனவே பரவிவிட்ட, 'ட்ரிபிள் நெகட்டிவ்' எனப்படும் மார்பகப் புற்றுநோயில் அதை பேக்ளிடாக்ஸெல் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் கூடவில்லை.

இன்னொரு தோல்வி இதைவிட முக்கியமானது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சிசிஎல்-2 என்பது மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே அழைக்கும் கீமோகைன். மார்பகப் புற்றுச்செல்கள் நுரையீரலில் ஒதுங்கும்போது இதைச் சுரக்கின்றன என்றும், வந்து சேரும் மோனோசைட்டுகள் அவை ரத்தக்குழாயிலிருந்து வெளியேற உதவுகின்றன என்றும் 2011இல் ஜெஃப்ரி பொல்லார்டின் குழு எலிகளில் காட்டியது. சிசிஎல்-2ஐப் பிடித்துக் கட்டிவைக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தால் பரவல் குறைந்தது. நல்ல செய்திதான். 2014இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மொகமட் பெந்திரெஸ்-அல்ஜ் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்?

மருந்து கொடுத்தவரை எலிகளில் பரவல் குறைந்தது. மஜ்ஜையில் மோனோசைட்டுகள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போயின. மருந்தை நிறுத்தியதும், மதகை அடைத்து ஏரியைத் தேக்கிவிட்டு ஒரே நாளில் திறந்ததுபோல், அத்தனையும் ரத்தத்தில் பாய்ந்து நுரையீரலுக்குப் போயின. அங்கே புதிய ரத்தக்குழாய்கள் முளைத்தன. ஒடுங்கிக் கிடந்த சிறு கட்டிகள் வேகமாக வளர்ந்தன. மருந்தே கொடுக்கப்படாத எலிகளைவிட, மருந்து கொடுத்து நிறுத்திய எலிகள் சீக்கிரம் இறந்தன.

மனிதரில் என்ன ஆயிற்று? கார்லூமாப் என்ற சிசிஎல்-2 ஆன்டிபாடி, முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் சோதிக்கப்பட்டது. ரத்தத்தில் கட்டில்லாத சிசிஎல்-2 சிறிது நேரம் குறைந்தது, பிறகு பழைய அளவையும் தாண்டி ஏறிவிட்டது. பலன் தெரியவில்லை. உடம்பு தனக்கு அவசியமான ஒரு செய்தியை நாம் அடைக்கும்போது சும்மா இருப்பதில்லை, கூடுதலாகச் சுரக்கிறது. அதோடு ஒரு ஏற்பிக்குப் பல கீமோகைன்கள், ஒரு கீமோகைனுக்குச் சில ஏற்பிகள் என்ற குடும்ப வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றை அடைத்தால் மற்றொன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பாசல் சோதனை எனக்கு ஒரு மருத்துவ எச்சரிக்கையாகவே படுகிறது. புற்றுநோய் மருந்தைப் பக்கவிளைவு தாங்காமலும், காசில்லாமலும், ஊருக்குப் போய் வர முடியாமலும் நடுவில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தினால் நிலைமை பழையபடி ஆகும் என்ற மருந்து வேறு, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும் என்ற மருந்து வேறு. இத்தகைய மருந்துகளில் நிறுத்திய பின்னும் நோயாளியைக் கவனிப்பது சோதனையின் பகுதியாக இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தின் ஏற்பிகளில் ஒன்றைக் குறிவைத்துப் புற்றுநோய்க்கே நேரடியாக அனுமதி பெற்ற மருந்து ஒன்று உண்டு. மொகமுலிசுமாப் என்பது அதன் பெயர். எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் தென்மேற்கு ஜப்பானில் அதிகம். அதைச் சுமப்பவர்களில் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துக் கொடிய டி-செல் ரத்தப் புற்றுநோய் வருகிறது. அந்தச் செல்களின் மேல் சிசிஆர்-4 என்ற ஏற்பி மண்டிக் கிடக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் ஒட்டும் ஆன்டிபாடியைச் செய்து, அதன் வாலிலிருந்து ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை நீக்கினார்கள். அந்தச் சர்க்கரை போனதும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆன்டிபாடியின் வாலை இன்னும் உறுதியாகப் பற்றி, அது ஒட்டிய செல்லைக் கொன்றுவிடுகின்றன. 2012இல் ஜப்பானிலும், தோலில் படரும் டி-செல் லிம்ஃபோமாவுக்காக 2018இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. 372 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் நோய் முற்றாமல் இருந்த காலம் பழைய மருந்தில் 3.1 மாதம், இதில் 7.7 மாதம். இந்த மருந்து வழியை அடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்பியை ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டு, அதைத் தாங்கிய செல்லையே அழிக்கிறது.

அண்மைக் காலத்தில் இன்னொரு திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. கணையப் புற்றுநோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்கு ஏறக்குறைய மசிவதே இல்லை. 2013இல் கேம்பிரிட்ஜில் டக்ளஸ் ஃபியரனின் குழு எலியின் கணையக் கட்டியை வெட்டிப் பார்த்தபோது, புற்றுச்செல்களைச் சுற்றி சிஎக்ஸ்சிஎல்-12 படிந்திருந்தது. அதைச் சுரந்தவை புற்றுச்செல்கள் அல்ல, கட்டிக்குள் இருக்கும் நாரிழைச் செல்கள். டி-அணுக்கள் என்ற காவல் அணுக்கள் அருகே வராமல் விலகி நின்றன. ஒரு பக்கம் புற்றுச்செல்லை எலும்புக்கு அழைக்கும் அதே புரதம், இங்கே காவல் அணுக்களைக் கட்டிக்குள் விடாமல் தடுக்கிறது. பிளெரிக்சாஃபோரைக் கொடுத்ததும் டி-அணுக்கள் உள்ளே நுழைந்தன, எதிர்ப்பாற்றல் மருந்து வேலை செய்யத் தொடங்கியது. பிறகு அதே சிந்தனையின் தொடர்ச்சியாக, கணைய, குடல் புற்றுநோயாளிகளுக்கு ஒரு வாரம் இடைவிடாமல் பிளெரிக்சாஃபோரை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்த முடிவு 2020இல் வெளியானது. முன்னும் பின்னும் எடுத்த திசுத் துணுக்குகளில் எதிர்ப்பாற்றல் அணுக்களின் நடமாட்டம் மாறியிருந்தது. மோட்டிக்சாஃபோர்டைட் என்ற, இன்னும் நெடுநேரம் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும் மருந்தும் கணையப் புற்றுநோயில் கீமோதெரபியோடும் எதிர்ப்பாற்றல் மருந்தோடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஹைடல்பர்கில் நீல்ஸ் ஹலாமாவின் குழு, எச்ஐவிக்காக 2007இல் வந்த மராவிராக் என்ற சிசிஆர்-5 மருந்தை, கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்றுநோயில் கொடுத்துப் பார்த்தது. கட்டிக்கு உதவிக்கொண்டிருந்த மேக்ரோஃபேஜ் அணுக்கள் சில நோயாளிகளில் கட்டிக்கு எதிராகத் திரும்பின.

ஆக, பரவலைத் தடுக்கும் மருந்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் வேறொன்று. புற்றுச்செல்லின் காதை அடைக்கப் போய், காவல் அணுக்களுக்கு வழி திறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இதில் எச்சரிக்கையும் வேண்டும். சிஎக்ஸ்சிஎல்-9, 10 என்ற கீமோகைன்கள் டி-அணுக்களைக் கட்டிக்குள் அழைத்து வருபவை. கீமோகைன்களை ஒட்டுமொத்தமாக அடக்கினால் நோய்க்கு எதிரான அழைப்பையும் சேர்த்து அடக்கிவிடுவோம். எதை அடைப்பது என்பதைப் போலவே எதை விட்டுவைப்பது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு முதலில் ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான கருவியும் இப்போது உண்டு. பென்டிக்சாஃபோர் என்ற சிறு மூலக்கூறு சிஎக்ஸ்சிஆர்-4இல் போய் ஒட்டிக்கொள்ளும். அதில் கேலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கோத்து நோயாளிக்குச் செலுத்தி, பெட் ஸ்கேனில் படுக்கவைத்தால், அந்த ஏற்பி நிறைந்த இடங்கள் மட்டும் படத்தில் ஒளிரும். மைலோமாவிலும் சில லிம்ஃபோமாக்களிலும் அது பளிச்சென்று தெரிகிறது. மார்பகம், குடல் முதலிய கட்டிகள் பலவற்றில், ஆய்வுக்கூடச் செல்களை வைத்து எதிர்பார்த்த அளவுக்கு ஒளிரவில்லை. கிண்ணத்தில் வளர்த்த செல்லுக்கும் நோயாளியின் உடம்பில் இருக்கும் கட்டிக்கும் இடையே இருக்கும் இந்த வித்தியாசம், முந்தைய மருந்துச் சோதனைகளில் பலவற்றைப் புதிதாகப் படிக்கவைக்கிறது. ஏற்பியே இல்லாதவருக்கு ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அவரையும் தோல்விக் கணக்கில் சேர்த்திருக்கிறோமோ? ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் மருத்துவர்கள் முதலில் இந்த ஸ்கேனை எடுத்து, கட்டி ஒளிர்ந்த மைலோமா நோயாளிகளுக்கு மட்டும், அதே வகை மூலக்கூறில் லுட்டீசியம்-177 போன்ற வீரியமான கதிரியக்கத்தைக் கோத்துச் சிகிச்சையாகவே கொடுத்திருக்கிறார்கள். மஜ்ஜையையும் சேர்த்துச் சுட்டுவிடும் என்பதால், அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களை முன்கூட்டியே சேகரித்து வைத்துக்கொண்ட பிறகுதான்.